பழகிப்போன நோயின் மறைவிலே பதுங்கும் புற்று

(வாசிகசாலையொன்றில் நடைபெற்ற பொதுக்கூட்டத்திற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடையிலே என்னைக் கண்டு பழகிய உங்களுக்கு, இன்று நான் காது நோயைப் பற்றிப் பேச எழுந்திருப்பது வியப்பாக இருக்கலாம். வழக்குரைப்பவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்பவரும் இங்கு இருக்கக்கூடும். கேள்வி நியாயமானதே. வைத்தியஞ் சொல்ல நான் வரவில்லை. வைத்தியர்கள் எழுதிவைத்த சாட்சியத்தை வாசித்து, அதனை எடைபோட்டு, அதிலே ஏழைக்கு இழைக்கப்படும் அநீதி எவ்விடத்தில் இருக்கின்றதென்று எடுத்துக்காட்டவே வந்தேன். சாட்சியத்தை எடைபோடுவது என் தொழில். அநீதி இருக்குமிடத்தைச் சுட்டிக்காட்டுவது நமது கடமை.

பேசப்போகும் பொருள், நடுக்காதிலே தோன்றும் புற்றுநோய். மிக அரிய நோய். இங்குள்ளோரில் ஒருவராவது அதைக் கண்டிருப்பாரோ என்பது சந்தேகமே. ஆனால் அந்நோய் எந்த மறைவில் வந்து பதுங்குகின்றதோ, அந்த மறைவை நீங்கள் ஒவ்வொருவரும் கண்டிருக்கிறீர்கள். அதுதான் காதிலே சீழ் வடிதல்.

பின்வாங்கில் இருக்கும் பிள்ளை

பள்ளிக்கூடத்திலே பின்வாங்கில் ஒரு பிள்ளை இருக்கும். உபாத்தியாயர் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாது விழிக்கும். பக்கத்திலிருக்கும் பிள்ளைகள் மூக்கைச் சுளித்துத் தள்ளி இருப்பார்கள். வீட்டிலே தலையணையில் மஞ்சட் கறை. தாயைக் கேட்டால், "சிறு வயதிலேயே காதோடத் தொடங்கியது, வளர வளரச் சரிவரும்" என்பாள். யாரோ சொன்னதைக் கேட்டு எண்ணெய் காய்ச்சி விட்டிருப்பார்கள்; கோழியிறகால் துடைத்திருப்பார்கள். பிள்ளை வளரும், சீழும் அதனுடன் வளரும். நாற்பது வயதிலும் அம்மனிதன் சட்டைப்பையிலே பஞ்சுத் துண்டொன்றை வைத்திருப்பான். அதை நோயென்று அவன் எண்ணுவதேயில்லை. மூக்கைப் போல, முழங்காலைப் போல, அதுவும் தன் உடம்பின் இயல்பு என்றே எண்ணிவிடுகிறான்.

இப்படிப்பட்டவர் எத்தனை பேர்? உலக சுகாதார நிறுவனம் 2004ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. செவிப்பறையிலே துளை விழுந்து காதாற் சீழ் வடியப் பெற்றோர் உலகத்தில் 6½ கோடி முதல் 33 கோடி வரையில் இருப்பர் என்றும், அவர்களுள் 100க்கு 60 பேர் கேள்விக் குறைவு உடையோர் என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. இச்சுமையிற் பத்திலொன்பது பங்குக்கு மேற்பட்டதைச் சுமப்போர் யார்? தென்கிழக்காசியப் பகுதி மக்கள், மேற்குப் பசிபிக் பகுதி மக்கள், ஆபிரிக்க மக்கள். அவர்களோடு பசிபிக் கரையோர நாடுகளிலே வாழும் சிறுபான்மை இனத்தவர்கள். ஒரு சமுதாயத்திலே 100க்கு 4 பேருக்கு மேல் இந்நோய் காணப்படின், உடனடியாகக் கவனிக்கவேண்டிய பெரும் பிரச்சினை அது என்றும் அதே அறிக்கை வரையறுத்தது.

இந்த வரிசையிலே முன்னணியில் நிற்போருள் அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளும் உளர் என்பதை நீங்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அவுஸ்திரேலியா வறிய நாடா? இல்லை. அந்நாட்டு நகரங்களிலே குடியேற்றக்காரரின் வழிவந்த பிள்ளைகளிடம் இந்நோய் அரிதாகிவிட்டது. தூரப் பிரதேசங்களில் ஒதுங்கி வாழும் ஆதிக்குடிகளின் பிள்ளைகளுக்கோ இன்றும் காதிலே சீழ் வடிகின்றது. ஒரே நாடு, ஒரே திறைசேரி. காதுகள் மட்டும் இருவகை! நெருக்கமான வீடு, ஓயாத தடிமல், போதாத உணவு, புகை சூழ்ந்த அறை, தூரத்திலிருக்கும் வைத்தியர் என்பன சேர்ந்தே இந்நோயைப் பேணி வளர்க்கின்றன. நாட்டின் மொத்தச் செல்வத்தைப் பார்த்து இது வருவதில்லை; அந்தச் செல்வம் எந்த வாசலோடு நின்றுவிட்டது என்பதைப் பார்த்தே வருகின்றது.

வைத்தியரின் மகன்

அலட்சியம் என்பது ஏழைக்கு மட்டும் நேர்வதன்று. குரல் இழந்தவன் எவனுக்கும் நேரும். இதற்கு ஆங்கில இலக்கியம் கற்றோர் அறிந்த ஒரு கதையே சான்று. டப்ளின் நகரிலே வில்லியம் வைல்ட் என்றொரு காது வைத்திய நிபுணர் இருந்தார். 1853இல் காதுச் சத்திரவைத்தியம் பற்றி அவர் எழுதிய நூல் அக்காலத்திலே பெரும்பெயர் பெற்றது. காதுக்குப் பின்னாலே சீழ்க்கட்டியைக் கீறித் திறக்கும் முறையொன்று அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. சீழ் வடியும் காதை அலட்சியஞ் செய்யலாகாதென்று ஓயாது எச்சரித்தவர் அவர்.

அவருடைய மகனே நாடகாசிரியர் ஒஸ்கார் வைல்ட். 1895இல் இரண்டாண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை பெற்ற மகன், சிறையிலே காது நோயுற்றார். ஒரு காது கேள்வி குன்றிச் சீழ் வடிகின்றதென்றும் தக்க வைத்தியம் கிடைக்கவில்லையென்றும் 1896இல் உள்நாட்டு மந்திரிக்கு மனுச் செய்தார். அந்த மனுவை இன்று வாசிக்கின்ற எந்த வழக்கறிஞனுக்கும் மனம் நோகும். விடுதலையாகி மூன்றரை ஆண்டுகளில், 1900ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி, பாரிஸ் நகரத்து விடுதியொன்றிலே, 46ஆவது வயதில் அவர் இறந்தார். காதிலே சில வாரங்களுக்கு முன்னர் சத்திரசிகிச்சை நடந்திருந்தது; சீழ் மூளையின் உறைவரை சென்றுவிட்டதென்பதே வைத்தியர் பலர் கொண்ட முடிபு. அவருக்கு வந்தது புற்றன்று. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காது வைத்தியத்தில் பேர்போனவரின் மகன்கூட, கைதி என்ற பெயர் ஏறியபின், தன் காதைக் காட்ட ஆளின்றி நின்றார் என்பதற்காகவே இக்கதையைச் சொன்னேன்.

அந்தச் சிறு அறை

இனிக் காதுக்குள்ளே செல்வோம். செவிப்பறைக்கு உட்புறமாகக் காற்று நிறைந்த ஒரு சிறு அறை உண்டு. அதுவே நடுக்காது. சம்மட்டி, பட்டடை, அங்கவடி என உருவத்தால் பெயர்பெற்ற மூன்று நுண்ணிய எலும்புகள் அங்கே தொங்கி, ஒலியை உட்காதுக்குக் கொண்டுசெல்கின்றன. அறை சிறிது, ஆனால் அதன் அயலவர்களோ பெரியவர்கள்! கூரைக்கு மேலே, மெல்லிய எலும்புத் தகடொன்றுக்கு அப்பால், மூளை. முன்புறத்திலே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாடி. கீழே கழுத்துக்கு இறங்கும் பெருநாளம். பின்புறத்திலே தேன்கூடு போன்று கண்ணறைகள் நிறைந்த, மாஸ்டாயிட் எனப்படும் எலும்பு. அறையின் சுவரூடாகவே, ஒடுங்கிய எலும்புக் கால்வாயொன்றிலே, முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகின்றது. நாம் சிரிப்பதும் கண்ணை மூடுவதும் அந்நரம்பின் தயவால். இந்த வீட்டிலே தீப்பற்றினால் அயல் முழுவதும் பற்றும் என்பது விளங்கும்.

அறையின் உட்சுவரைப் போர்த்திருப்பது ஈரமான மெல்லிய சவ்வு. ஆண்டுக்கணக்காகச் சீழும் அழற்சியும் அதை அரிக்கும்போது, அச்சவ்வு தன் இயல்பு மாறுகின்றது. சிலவேளை வெளித்தோலே துளைவழியாக உள்ளே படர்கின்றது. தோலைப் போன்ற தட்டைக் கலங்கள், இருக்கக்கூடாத இடத்தில் வந்து குடியேறிவிடுகின்றன. அவை உரிந்து குவிந்து எலும்பை அரிக்கும் கட்டியாக மாறுவதும் உண்டு. அதனைக் கொலஸ்டியட்டோமா என்பர். அது புற்றன்று, ஆயினும் ஆபத்தானது. மிகச் சிலரிடத்திலே அத்தட்டைக் கலங்கள் கட்டுக்கடங்காது பெருகிப் புற்றாகின்றன. நடுக்காதிலே காணப்படும் புற்றுக்களுட் பெரும்பான்மை இவ்வகையே.

எத்துணை அரிது? காதெலும்பிலே புற்றுத் தோன்றுவது பத்து இலட்சம் பேருக்கு ஆண்டொன்றில் ஒருவர் என்ற அளவிலே சொல்லப்படுகின்றது; சற்றுக் கூட்டிச் சொல்வாரும் உளர். அவற்றிலும் பெரும்பாலானவை வெளிக்காதின் குழாயிலே தொடங்குபவை; நடுக்காதிலேயே தொடங்குபவை இன்னுங் குறைவு. இலங்கையின் சனத்தொகை 2 கோடியே சொச்சம். கணக்குக்காக அந்த வீதத்தை இங்கே பொருத்திப் பார்த்தால், ஓராண்டிலே வரக்கூடிய நோயாளரைக்கொண்டு ஒரு பஸ் வண்டியைக்கூட நிரப்பமுடியாது. ஆகவே காதிலே சீழுடைய எவரும் இன்றிரவு நித்திரையின்றிக் கலங்கவேண்டியதில்லை. கோடானுகோடிப் பேருக்குச் சீழ் வடிகின்றது. அவர்களுள் விரல்விட்டு எண்ணத்தக்கோருக்கே புற்று வருகின்றது. மக்களை அச்சுறுத்தி ஆதரவு தேடுவது சில அரசியல்வாதிகளின் வித்தை; அவ்வித்தை இங்கு வேண்டாம்.

சாட்சியத்தை விசாரிப்போம்

"சீழ் வடிந்ததனாலேதான் புற்று வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து கேட்பார். கேட்கத்தான் வேண்டும். ஒன்றன்பின் ஒன்று வந்ததென்பதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. சேவல் கூவியபின் சூரியன் உதிக்கின்றான் என்பதற்காகச் சேவலை நாம் சூரியனின் தந்தையென்று சொல்வதில்லை.

1965இல் ஒஸ்டின் பிரட்போர்ட் ஹில் என்ற ஆங்கிலேயப் புள்ளிவிவர அறிஞர், இலண்டனிலே வைத்தியர் சபையொன்றில் இதைப் பற்றியே பேசினார். புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த இருவருள் ஒருவர் அவர். ஒன்றை மற்றொன்றின் காரணமென்று கொள்ளுமுன் எவ்வெவற்றைப் பார்க்கவேண்டுமென அவர் எடுத்துரைத்தார். நீதிமன்றத்திலே சூழ்நிலைச் சாட்சியத்தை ஆராயும் முறைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம்.

காலமுறை சரியாக இருக்கின்றது. நடுக்காதுப் புற்றுடையோரிற் பெருந்தொகையினர், இருபது முப்பது ஆண்டுகளாகக் காதிற் சீழ் வடியப் பெற்றவர்கள். வெவ்வேறு நாட்டு வைத்தியர்கள், வெவ்வேறு காலத்திலே, ஒருவரையொருவர் கலந்து பேசாமல் இதையே எழுதியிருக்கிறார்கள். சாட்சிகள் கூடிப்பேசி வந்தவர்கள் அல்லர் என்பது பெரிய பலம். நிகழக்கூடிய வழியும் மேலே சொன்னபடி விளங்குகின்றது. அதனுடன் ஒப்புமையும் உண்டு. ஆறாத தீக்காயத் தழும்பிலும் பழைய புண்ணிலும் புற்றுத் தோன்றுமென்பது வைத்திய உலகம் ஏற்ற உண்மை. 1828இல் அத்தகைய புண்களை விவரித்த பிரெஞ்சு வைத்தியர் மார்ஜொலின் பெயராலேயே அது வழங்குகின்றது. காஷ்மீரிலே குளிருக்காகக் கங்கிரி என்னும் தணற்சட்டியை உடம்போடு அணைத்துக்கொள்வோருக்கு, அது சுட்ட வயிற்றிலும் தொடையிலும் புற்று உண்டாவது நெடுங்காலமாக அறியப்பட்டது. ஓயாத அழற்சி இருக்குமிடத்திலே புற்று முளைக்கின்றதென்று ஜேர்மானிய அறிஞர் வீர்ஹோவ் 1863இலேயே கருதினார்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்கலாகாது. நோய் மிக அரிதாகையால் எந்த ஒரு வைத்தியசாலையிலும் பார்த்த நோயாளர் தொகை சிறிது. நீண்டகாலச் சீழ் ஒருபோதும் இல்லாதவருக்கும் இப்புற்று வந்திருக்கின்றது. சிலரிடத்திலே, புற்றுத்தான் முதலில் தோன்றிப் பின்னர் சீழை உண்டாக்கியதோ என்றும் கேட்கலாம். சில மாதச் சீழுக்கு அக்கேள்வி பொருந்தும், முப்பதாண்டுச் சீழுக்குப் பொருந்தாது. வேறு காரணங்களும் உள. மூக்கின் பின்புறத்துப் புற்றுக்காகக் கதிர்ச் சிகிச்சை பெற்றோரிற் சிலருக்குப் பல்லாண்டுகளின் பின் காதெலும்பிலே புற்று வந்ததுண்டு. இவற்றையெல்லாம் தராசில் இட்டபின் என் தீர்ப்பு: தனியொருவருடைய புற்றுக்கு அவருடைய சீழே காரணமென்று ஐயந்திரிபற நிறுவுவது கடினம், ஆனால் நீண்டகாலச் சீழுக்கும் இப்புற்றுக்கும் தொடர்பு உண்டு என்று கொள்வதற்குச் சாட்சியம் போதும்.

மறைவு

வழக்கின் மையம் இனித்தான் வருகின்றது. இப்புற்றின் அடையாளங்கள் எவை? காதாற் சீழ் வடிதல்; கேள்வி குறைதல்; காதுவலி. பழைய காது நோயின் அடையாளங்கள் எவை? காதாற் சீழ் வடிதல், கேள்வி குறைதல், சிலவேளை காதுவலி! கள்ளன் வீட்டுக்காரனுடைய சட்டையையே போட்டுக்கொண்டு வருகின்றான். காவலாளி எப்படிக் கண்டுபிடிப்பான்?

நோயாளி சொல்லமாட்டான், அவனுக்கு முப்பதாண்டு பழகிய காது. மனைவி கேட்கமாட்டாள், அவள் கல்யாணஞ் செய்த நாளிலிருந்து அந்த மணத்தோடு வாழ்ந்தவள். வெளிநோயாளர் பகுதியிலே நூறு பேரைப் பார்த்துக் களைத்த வைத்தியர், பழைய துண்டிலே "நாட்பட்ட காதுச் சீழ்" என்று எழுதியிருப்பதைக் கண்டு, அதே துளிமருந்தை மறுபடியும் எழுதுவார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயுள் முழுதும் சேவை செய்தாலும் அவர் இந்நோயை ஒருமுறை காண்பாரோ, காணாமலே இளைப்பாறுவாரோ! இவ்வாறு மாதங்கள் கழிகின்றன. புற்று எலும்பைத் துளைத்து முகநரம்பைத் தொடும். ஒரு காலை அம்மனிதன் கண்ணாடியைப் பார்க்கும்போது வாய் ஒருபக்கம் கோணியிருக்கும், கண் மூடாது. அன்றுதான் வீட்டார் வாகனம் பிடிப்பார்கள்.

ஆகவே அந்தச் சட்டைக்குள்ளே நிற்பவன் வேறொருவன் என்பதைக் காட்டும் குறிகளை நீங்கள் மனதில் வைத்திருத்தல் வேண்டும். பழைய சீழிலே இரத்தம் கலந்து வரத் தொடங்குதல். முன்னர் வலியில்லாத காதிலே, இரவில் நித்திரையைக் கெடுக்கும், உள்ளே துறப்பணம் இடுவது போன்ற ஆழ்ந்த வலி. முகத்தின் ஒருபக்கம் சோர்தல். வாய் திறக்க முடியாமை, தலைச்சுற்று, கழுத்திலே கட்டி. வைத்தியர் குழாயால் நோக்கும்போது, தொட்டவுடன் இரத்தங் கசியும் சதைவளர்ச்சி. தக்க மருந்து சில வாரம் இட்டும் அடங்காத சீழ். இவற்றுள் ஒன்றிரண்டு இருப்பதனாலேயே புற்றென்று முடிவுகட்டிவிடக்கூடாது. பெரும்பாலும் அது வேறாகவே இருக்கும். ஆனால் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவர் பாராமலும், அச்சதையிற் சிறுதுண்டை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பாராமலும், அதை அல்லவென்று தள்ளிவிடவுங் கூடாது.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தசையினத்தைச் சேர்ந்த ஒருவகைப் புற்று, சிறு குழந்தைகளின் நடுக்காதிலே மிக அரிதாகத் தோன்றுவதுண்டு. அதுவும் சீழும் சதைவளர்ச்சியுமாகவே முதலில் முகங்காட்டும். "பிள்ளைக்குக் காதோடுகின்றது" என்று சொல்லிச் சொல்லியே நாட்கள் போய்விடும். பிள்ளைக்கு முகஞ் சோர்ந்தால் ஒரு நாளும் பொறுத்திருக்கவேண்டாம்.

கடிகாரத்துக்கு எண் எழுதிய பெண்கள்

"இத்தனை அரிய நோய்க்கு இத்தனை பேச்சா?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அரிது என்ற சொல்லின் மறைவிலே எத்தகைய அநீதி நடக்கலாம் என்பதற்கு, என் தொழிலைச் சார்ந்த ஒரு வழக்கு உண்டு. அதுவும் காதெலும்பைத் தொடும் வழக்கே.

அமெரிக்காவிலே, நியூ ஜேர்சி மாநிலத்து ஒரேஞ்ச் என்னும் ஊரிலே, முதலாம் உலக யுத்த காலத்தில் ஒரு தொழிற்சாலை தொடங்கிற்று. இருளிலே ஒளிரும் கைக்கடிகாரங்களின் எண்களை ரேடியங் கலந்த சாயத்தாலே எழுதுவது அங்கு வேலை. எழுதியோர் இளம் பெண்கள். தூரிகையின் நுனியைக் கூராக்குவதற்காக அதை உதடுகளாலே ஒடுக்கி ஒடுக்கி எழுதும்படி பழக்கப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் வயிற்றுக்குள்ளே போய், எலும்பிலே தங்கிற்று. சில ஆண்டுகளிலே பற்கள் உதிர்ந்தன, தாடையெலும்பு அழுகிற்று, பலர் இறந்தார்கள். 1925இல் மார்ட்லண்ட் என்ற அரசாங்க வைத்தியர் உண்மையை வெளிப்படுத்தினார்.

கிரேஸ் பிரையர் என்ற பெண்ணும் வேறு நால்வரும் நீதிமன்றஞ் செல்ல முயன்றார்கள். வழக்கை எடுக்க ஒரு வழக்கறிஞரைக் கண்டுபிடிக்கவே கிரேஸ் பிரையருக்கு ஏறக்குறைய இரண்டாண்டு சென்றது. இறுதியில் றேமண்ட் பெரி என்ற இளைஞர் 1927இல் வழக்கை ஏற்றார். கம்பனியின் கேடயம் எது தெரியுமா? காலாவதிச் சட்டம்! தீங்கு நேர்ந்து இரண்டாண்டுக்குள் வழக்கிடவேண்டும். இவர்கள் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்தன என்றார்கள். 1928 ஜூனிலே வழக்குச் சமரசத்தில் முடிந்தது. ஒவ்வொருவருக்கும் 10,000 டொலரும், ஆண்டுதோறும் 600 டொலரும், வைத்தியச் செலவும் கொடுப்பதாக. நீதியென்று அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்த வரலாறு அத்துடன் முடியவில்லை. எலும்பிலே தங்கிய ரேடியம் மெல்ல மெல்லச் சிதைந்து ரேடன் என்னும் வாயுவை உண்டாக்கும். அவ்வாயு காதின் பின்னுள்ள மாஸ்டாயிட் எலும்பின் கண்ணறைகளிலும் முகவெலும்பின் குழிவுகளிலும் தேங்கும். பிழைத்திருந்த அப்பெண்களிற் சிலருக்கு, பல பத்தாண்டுகள் கழிந்தபின், நரை விழுந்த காலத்திலே, அந்தக் கண்ணறைகளிற் புற்றுத் தோன்றிற்று. இருபது வயதில் உதட்டிலே வைத்த தூரிகைக்கு முதுமையிலே தண்டனை! சட்டத்தின் கடிகாரம் இரண்டாண்டிலே நின்றுவிட்டது. நோயின் கடிகாரமோ ஓடிக்கொண்டேயிருந்தது.

நமது நாட்டிலும், காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், தீங்குக்கு நட்டஈடு கேட்பதற்கு இரண்டாண்டே தருகின்றது. அந்தப் பெண்களுக்காவது எதிர்நிற்க ஒரு கம்பனி இருந்தது. ஆறு வயதிலே காதோடத் தொடங்கிய பிள்ளைக்கு ஐம்பத்தாறு வயதிலே புற்று வந்தால், அவன் யார்மீது வழக்கிடுவான்? ஒழுகும் வீட்டின் மீதா? பின்வாங்கிலே விட்டுவிட்ட பள்ளிக்கூடத்தின் மீதா? மருந்து முடிந்ததென்று திருப்பியனுப்பிய நாளின் மீதா? பிரதிவாதி இல்லாத வழக்கை எந்த நீதவானும் ஏற்கமாட்டார். நீதிமன்றத்தின் கதவு அடைபட்டிருப்பதனாலேயே இந்த வழக்கை நான் வாசிகசாலைக்குக் கொண்டுவந்தேன்.

செய்யக்கூடியது

புற்று வந்தபின் செய்வது எளிதன்று. காதெலும்பின் பகுதியையோ முழுவதையுமோ வெட்டியெடுக்க நேரும். பின்னர் கதிர்ச் சிகிச்சை. ஆரம்பத்திலேயே பிடிபட்டோரிற் பெரும்பாலோரைப் பிழைக்க வைக்கலாம். முகநரம்பும் மூளையின் உறையும் தாக்குண்டபின் வருவோருக்கு நம்பிக்கை வெகுவாகக் குன்றிவிடும். மகரகமையிலும் தெல்லிப்பழையிலும் அரசாங்கப் புற்றுநோய் வைத்தியம் உண்டு. அதற்குக் காசு கேட்பதில்லை. அங்கே போய்ச் சேரும் நாள்தான் பிந்துகின்றது.

ஆனால் அதற்கு முப்பதாண்டுக்கு முன்னர் செய்யவேண்டியதோ மிக எளிது! சுத்தமான பஞ்சையோ துணித் திரியையோ கொண்டு காதைத் துடைத்து உலர வைத்தல். உலர்ந்தபின், வைத்தியர் தரும் நுண்ணுயிர் கொல்லித் துளிமருந்தை நாடோறும், சொன்ன நாள்வரை விடுதல். குளிக்கும்போது நீர் புகாது காத்தல். துளையுள்ள காதிலே எண்ணெயோ சாறோ விடாதிருத்தல். முன்னோர் செய்ததென்று எவர் சொன்னாலும் விடவேண்டாம். ஆறாத துளையைச் சத்திரசிகிச்சையாலே மூடவும் முடியும். ஒரு பிள்ளையின் கேள்வியைக் காப்பதற்கே இது போதிய நியாயம். படிப்பும் பேச்சும் பிழைப்பும் அந்தக் கேள்வியிலே தங்கியிருக்கின்றன. புற்றைப் பற்றிய எண்ணமே இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

அதிகாரிகளிடம் நாம் கேட்பதும் பெரிதன்று. பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு வருவோர் பல்லையும் கண்ணையும் பார்ப்பதோடு ஒவ்வொரு பிள்ளையின் காதுக்குள்ளும் விளக்கிட்டுப் பார்க்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேற் சீழ் வடியும் பிள்ளையை நிபுணரிடம் அனுப்பி, போனதா என்று பின்னரும் கேட்கட்டும். காதிலிருந்து வெட்டியெடுக்கும் சதைவளர்ச்சி எதுவாயினும், எறிந்துவிடாது, ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வழக்கம் எங்கும் நிலைபெறட்டும். பழைய துண்டைப் பார்த்து மருந்தெழுதும் முன்னர், இம்முறை என்ன மாறியிருக்கின்றதென்ற ஒரு கேள்வியைக் கேட்கட்டும். இவற்றுள் எதற்கும் புதிய கட்டிடம் வேண்டியதில்லை.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இங்கு வந்திருக்கும் உபாத்தியாயர்கள் தத்தம் வகுப்பிலே காதோடும் பிள்ளைகளின் பட்டியலை, மற்றப் பிள்ளைகள் அறியாதபடி, எழுதித் தரவேண்டும். இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று, வளர்ந்தோரிலே பஞ்சு வைத்துத் திரிவோரையும் கேட்டறியவேண்டும். அவர்களுட் சீழில் இரத்தங் காண்போர், புதிதாக வலி கண்டோர், முகஞ் சோர்ந்தோர் பெயர்களைத் தனியே குறியுங்கள். அவர்களை அடுத்த கிளினிக் நாளிலேயே அழைத்துச் செல்லவேண்டும். ஒருவரும் தனியாகப் போகவேண்டாம், நம்மிலொருவர் கூடப்போய், துண்டு கிடைக்கும்வரை வாங்கிலே இருக்கட்டும். பட்டியல்களை வாசிகசாலைக் காரியதரிசியிடம் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் ஒப்படையுங்கள். பஸ் செலவுக்கு இன்றே ஒரு தட்டைச் சுற்றுக்கு விடுகிறோம்.